கை உயர்த்தினால் நிறுத்துவேன்

1

பல் அடைக்கப் போகிறவர்கள் முதலில் வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டுப் போக வேண்டும். விறைப்பூசி போட்ட பிறகு மூன்று மணித்தியாலத்துக்கு வாய் நம்முடைய சொல் கேட்காது. தேநீர் குடித்தால் சட்டையில்தான் வடியும். நான் போன செவ்வாய்க்கிழமை காலை பிட்டும் மீன் ஆணமும் சாப்பிட்டு, இரண்டு தரம் பல் விளக்கி, அதற்குப் பிறகும் மீன் வாசம் போகவில்லையோ என்று கையைக் குவித்து ஊதி மணந்து பார்த்துவிட்டுத்தான் வீட்டை விட்டு இறங்கினேன்.

ஊரில், புத்தளத்துப் பக்கம் மாம்புரியில், என்னோடு ஒன்றாகப் படித்தவர்கள் இருபது பேர் ஒரு வட்சப் குழுவில் இருக்கிறோம். "லண்டனில பல்லு அடைக்கிறது எப்படி, நோகுமா, புடுங்கிறத விட லேசா?" என்று அதில் ஒருவன் கேட்டிருந்தான். அவனுக்கு ஆறேழு வரியில் பதில் போடத்தான் உட்கார்ந்தேன். எழுத எழுத அது வேறு எங்கேயோ இழுத்துக்கொண்டு போனது. ஆகையால் எல்லோருக்கும் சேர்த்தே எழுதிவிடுகிறேன். எழுதும்போது முகம் சுடுகிறது என்பதையும் இப்போதே சொல்லி வைக்கிறேன்.

நான் பல் அடைக்கப் போனதற்குக் காரணம் உம்றாப் பயணம். இன்னும் எட்டு நாளில் புறப்படுகிறேன். மக்காவில் போய்ப் பல்வலியில் உருளக்கூடாது என்று மனைவி பிடித்த பிடியில் நின்றாள். பயணத்துக்கு முன் செய்ய வேண்டிய இன்னொன்றையும் செய்து முடித்திருந்தேன். நம்மவர்கள் ஹஜ்ஜுக்கோ உம்றாவுக்கோ போகுமுன் சொந்தபந்தத்தின் வீடு வீடாகப் போய் மாப்புக் கேட்பார்கள் அல்லவா? "தெரிஞ்சும் தெரியாமலும் ஏதும் பிழை செஞ்சிருந்தா பொறுத்துக்கொள்ளுங்க" என்று கையைப் பிடித்துக்கொண்டு கேட்பார்கள். இங்கிருந்து எந்த வீட்டுக்குப் போவது? என் வேலை வேனுக்குள் இருந்தபடியே ஒரு குரல் பதிவு செய்தேன். கொஞ்சம் தொண்டை தழுதழுக்கப் பேசினேன், அது நன்றாகவே வந்திருந்தது. அதையே சொந்தபந்தம், ஊர், கூட்டாளிமார் என்று மூன்று வட்சப் குழுக்களுக்கும் தட்டிவிட்டேன். கடமை முடிந்தது என்று பொதி விநியோகிக்கக் கிளம்பிவிட்டேன்.

2

இங்கே பல் வைத்தியரின் கதிரையில் போய் உட்காருவதை விட விசா எடுப்பது சுலபம் என்று தோன்றும். அரசாங்கச் சலுகையில் பார்க்கிற இடங்களில் பெயர் பதிய முடியவில்லை. கூப்பிட்டால் பட்டியல் மூடிவிட்டது என்பார்கள். வேறு இடத்துக்கு எடுத்தால் பாட்டுப் போட்டுவிட்டு இருபது நிமிடம் காக்க வைத்து, பிறகு அவர்களும் மூடிவிட்டதாகச் சொல்வார்கள். ஏழு மாதம் இடப்பக்கத்தாலேயே மென்று தின்றேன். கடைசியில் யாரோ வராமல் போன ஓர் இடம் கிடைத்தது.

என்னுடைய ஆங்கிலம் பொதி ஆங்கிலம். உங்கள் பெயர் என்ன, இங்கே கையெழுத்து வையுங்கள், நாய் கடிக்குமா. பதினெட்டு வருடத்தில் அவ்வளவும் தண்ணீர் பட்ட பாடு. பல் எப்படி வலிக்கிறது, குத்துகிறதா, விண் விண் என்று தெறிக்கிறதா, குளிருக்கா சூட்டுக்கா என்று கேட்டால் என்னிடம் சரக்கு இல்லை. அதனால் என் மகள் ஹனாவைக் கூட்டிக்கொண்டு போனேன். பதின்மூன்று வயது. பள்ளி விடுமுறை. தமிழ் விளங்கும், பதில் மட்டும் பாதி ஆங்கிலத்தில் வரும். வீட்டில் என்னோடு கதைப்பது ஒரு நாளைக்குப் பத்து வார்த்தை. அதில் நான்கு 'சும்மா இருங்க வாப்பா'.

வரவேற்பறையில் நான்கு பக்கப் படிவம் தந்தார்கள். அதில் பாக்கு, புகையிலை போடுவீர்களா என்று ஒரு கேள்வி.

"இல்ல எண்டு போடு" என்றேன்.

"வேனுக்குள்ள பாக்குப் பக்கற் இருக்கே, வாப்பா."

"அது எப்பயாவது ஒரு நாளைக்கி. நீ இல்ல எண்டு போடு."

அவள் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு 'ஆம்' என்ற கட்டத்தில் புள்ளடி போட்டாள். "அவங்க கேட்டது உண்மைய. நான் பொய் எழுதமாட்டன்" என்றாள். பக்கத்தில் இருந்த வெள்ளைக்கார அம்மாவுக்கு ஒன்றும் விளங்கியிருக்காது. ஆனாலும் எனக்குக் காது மடல் வரைக்கும் சூடேறியது.

3

இனி நண்பன் கேட்ட விஷயம். முதலில் படம் எடுப்பார்கள். சிறிய தகடு ஒன்றை வாய்க்குள் வைத்துக் கடிக்கச் சொல்வார்கள், ஓங்காளம் வரும், மூக்கால் மூச்சு விடுங்கள். ஊசி குத்தும் இடத்தில் பழ வாசனையுள்ள ஒரு களிம்பைத் தடவுவார்கள். ஊசி குத்துவது அதனால் பெரிதாகத் தெரியாது, மருந்து இறங்கும்போதுதான் இறுக்கமாக இருக்கும். ஐந்து பத்து நிமிடத்தில் உதடு வீங்கிப்போன மாதிரி இருக்கும். கண்ணாடியில் பார்த்தால் ஒன்றும் இருக்காது. பிறகு துளைக்கிற இயந்திரம். சத்தம்தான் பயங்கரம். வலிக்காது, அதிரும். ஒரு பெண் வாய்க்குள் குழாய் விட்டு எச்சிலை உறிஞ்சிக்கொண்டிருப்பாள். பழுதானதைச் சுரண்டி எடுத்து, ஓட்டையைக் கழுவிக் காய வைத்து, பல் நிறத்திலேயே ஒரு பசையை அடைத்து, நீல வெளிச்சம் பிடித்து இறுக வைப்பார்கள். நிறத்தாள் ஒன்றைக் கடிக்கச் சொல்லி, மேடு தட்டும் இடத்தை ராவி விடுவார்கள். முக்கால் மணித்தியாலத்தில் எல்லாம் முடியும். விறைப்பு இறங்கும்வரை ஒன்றும் மெல்ல வேண்டாம், சொந்தக் கன்னத்தையே கடித்துக்கொள்வீர்கள்.

இவ்வளவுதான். பயப்பட ஒன்றுமில்லை.

நான் பயந்தது இதில் எதற்கும் இல்லை. துளைக்கத் தொடங்கும் முன் அந்த வைத்தியர், என் மனைவியின் தங்கை வயதிருக்கும், முகமூடியைக் கீழே இறக்கிவிட்டு என்னோடு கதைத்தார். ஹனா மூலையில் இருந்த கதிரையிலிருந்து தமிழில் சொன்னாள்.

"நோகினா, பயமா இருந்தா, ஏதாவது சொல்லணும் எண்டா, இடது கையத் தூக்குங்களாம். கை தூக்கினா உடனே நிப்பாட்டுவாங்களாம். என்ன காரணம் எண்டு சொல்லத் தேவயில்லயாம்."

நான் தலையாட்டினேன். வைத்தியருக்கு அது போதவில்லை.

"ஒருக்காத் தூக்கிக் காட்டட்டாம்" என்றாள் ஹனா.

தூக்கினேன். வைத்தியர் தன் இரு கைகளையும் என் முகத்தை விட்டு எடுத்து, அந்தரத்தில் பிடித்துக்கொண்டு பின்னுக்கு நகர்ந்து காட்டினார். வெறும் ஒத்திகைதான். எனக்குக் கண்ணிரண்டும் நிறைந்து காதுக்குள் வழிந்தது. உறிஞ்சுகிற குழாயோடு நின்ற பெண் ஓடிவந்து கடதாசி எடுத்துத் தந்தாள்.

"வாப்பா, நோகுதா எண்டு கேக்கிறாங்க. இன்னும் தொடங்கவே இல்லையே?"

"நோகல்ல எண்டு சொல்லு" என்றேன். அவள் அதை அப்படியே சொன்னாள். "ஆனா அழுறார்" என்பதையும் கூடவே சேர்த்துச் சொன்னாள்.

4

என் தங்கை நஸ்ரியாவுக்கு அப்போது பதினாறு வயது. எனக்கு இருபத்திரண்டு. வாப்பா கடலுக்குப் போகிற மனிதர். காற்றுக் காலத்தில் மட்டும் வீட்டில் தங்குவார். ஆகவே வெளி அலுவல்களுக்கு நான்தான் ஆண்பிள்ளை. நஸ்ரியாவின் மேல்வரிசை முன்பல் ஒன்றில் கரும்புள்ளி விழுந்து அது குழியாகி, இரவு பகல் வலித்தது. கராம்பு வைத்தார்கள், உப்புத் தண்ணீரில் கொப்பளித்தார்கள், கடைசியில் என்னோடு புத்தளத்துக்கு அனுப்பினார்கள்.

புத்தளத்தில் பல் பார்த்த டொக்டர் சிங்களவர். பெயர் மறந்துவிட்டது. நல்ல மனிதர். நான் சிலாபத்தில் ஒரு கடையில் ஒன்றரை வருடம் நின்றவன், எனக்குச் சிங்களம் சரளம். நஸ்ரியாவுக்கு அவ்வளவு வராது என்று நினைத்திருந்தேன். அதனால் அவர் என்னோடுதான் கதைத்தார். பல்லைத் தட்டிப் பார்த்தார், ஊசி போட்டார், கொஞ்சம் துப்பரவாக்கினார். பிறகு என்னைப் பார்த்து, "இது நல்ல பல்லு தம்பி. புடுங்கத் தேவையில்ல. மூணு தரம் வந்தீங்க எண்டா அடைச்சுத் தருவன்" என்றார்.

மூன்று தரம். மாம்புரியிலிருந்து பஸ் ஏறி, பாலாவி தாண்டி, மூன்று தரம். குமர்ப்பிள்ளையைத் தனியே அனுப்ப முடியாது, நான்தான் வர வேண்டும். நானோ கத்தாருக்குப் போகிற அலுவலில் ஓடித் திரிந்த நேரம். மறுநாள் கொழும்பில் ஏஜென்சிக்காரனைச் சந்திக்க வேண்டும். அதற்கடுத்த வாரம் மருத்துவப் பரிசோதனை. என் மனம் முழுவதும் விமானத்தில் இருந்தது.

"புடுங்கிடுங்க" என்றேன்.

டொக்டர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். "பொம்புளப்புள்ள. முன்பல்லு. அவட்ட ஒருக்காக் கேளுங்க."

நான் கேட்கவில்லை. தமிழில் நஸ்ரியாவிடம், "பயப்படாத, கொஞ்ச நேரந்தான்" என்றேன். அதை அவர் கேள்வி என்று நினைத்திருப்பார். அவர் குறடை எடுத்தபோதுதான் நஸ்ரியாவுக்கு விஷயம் புரிந்தது என்று அன்றைக்கு நினைத்தேன். வாய் விறைத்துப் பஞ்சோடு கிடந்தவள் இடது கையை மேலே தூக்கினாள். விரல்கள் விரிந்திருந்தன. டொக்டர் நின்றார்.

"அவ என்ன சொல்லப் பாக்கிறா?" என்று கேட்டார்.

"பயத்தில. ஒரேயடியாப் புடுங்கி முடிங்க எண்டு சொல்றா" என்று சிங்களத்தில் சொன்னேன். சொல்லிக்கொண்டே அவளுடைய கையைப் பிடித்து, கதிரையின் கைப்பிடியில் வைத்து அமத்திக்கொண்டேன். பார்க்கிறவனுக்கு அது தைரியம் கொடுக்கும் அண்ணனின் கை. டொக்டரும் அப்படித்தான் எடுத்துக்கொண்டார். அவர் மேல் எந்தப் பிழையும் இல்லை, நோயாளி சொன்னதாக நான் சொன்னதைத்தான் அவர் செய்தார்.

திரும்பி வரும்போது அவள் யன்னலோரம் இருந்து உப்பளத்தைப் பார்த்துக்கொண்டு வந்தாள். பஞ்சைக் கடித்துக்கொண்டிருக்கச் சொல்லியிருந்ததால் கதைக்க முடியாது. நான் வழி முழுவதும் கத்தாரைப் பற்றிக் கதைத்துக்கொண்டு வந்தேன். வீட்டில் உம்மா பதறிப்போய், "அல்லாஹ்வே, முன்பல்லையா புடுங்கின?" என்று கேட்டபோது, "டொக்டர் புடுங்கத்தான் வேணும் எண்டிட்டார்" என்றேன். நஸ்ரியா எனக்குப் பின்னால் நின்றாள். வாயில் இன்னும் பஞ்சு இருந்தது.

உம்மா இன்று வரைக்கும் அதைத்தான் நம்புகிறார்.

5

நஸ்ரியா பாடசாலையில் காலைக் கூட்டத்தில் செய்தி வாசிக்கிற பிள்ளை. ஒலிபெருக்கி இல்லாமலே கடைசி வரிசைக்குக் கேட்கும் குரல். பல் போன பிறகு வாசிக்கப் போகவில்லை. ரீச்சர் ஆள் அனுப்பிக் கேட்டபோது, "அவளுக்கு இப்ப வெக்கம், பெரிய புள்ளதானே" என்று பதில் சொன்னவனும் நான்தான். சிரிக்கும்போது முக்காட்டு நுனியை இழுத்து வாயை மூடும் பழக்கம் அப்போது வந்தது. கலியாணத்துக்கு முன் கட்டுப்பல் வைத்தார்கள். பழக்கம் மட்டும் போகவில்லை. இன்றைக்கும் வீடியோவில் எடுத்தால் போனைத் தன் பிள்ளைகள் பக்கம் திருப்பிவிடுவாள், அல்லது முகட்டைக் காட்டிக்கொண்டிருப்பாள்.

இதில் என்னை மிகவும் கூசச் செய்வது என்ன தெரியுமா? இந்தப் பழக்கத்தை நான் மெச்சியிருக்கிறேன். "என்ட தங்கச்சி சிரிச்சாலும் பல்லுத் தெரியாது, அவ்வளவு அடக்கம்" என்று இங்கே நாலு பேர் இருந்த சபையில் சொல்லியிருக்கிறேன். என் மகளுக்கு முன்மாதிரியாகக்கூடக் காட்டியிருக்கிறேன். சொல்லும்போது எனக்கு அந்தக் கதிரை ஞாபகம் வரவே இல்லை என்று எழுதினால் நீங்கள் நம்புவீர்கள். ஆனால் அது பொய். ஒவ்வொரு தரமும் வந்தது. அவசரமாகத் தள்ளிவிட்டேன்.

6

பல் அடைத்துவிட்டு வேனில் வரும்போது ஹனா தன் பாட்டில் போனைப் பார்த்துக்கொண்டு வந்தாள். சிவப்பு விளக்கில் நிறுத்தியபோது, "ஏன் அழுதீங்க?" என்று கேட்டாள். விறைத்த வாயால் சொன்னேன், எல்லாவற்றையும். பாதிச் சொற்கள் வழுக்கின. அவள் போனை மடியில் கவிழ்த்து வைத்தாள்.

திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் கேட்டது வேறு.

"மாமி என்ன சொல்ல வந்தாங்க?"

"எப்ப?"

"கை தூக்கினாங்களே. வாய் விறைச்சு இருந்தா கதைக்க ஏலாதுதான். ஆனா ஏதோ சொல்ல வந்திருப்பாங்க. என்ன அது?"

பச்சை விழுந்து பின்னால் வந்தவன் ஹோர்ன் அடித்தான். இருபத்து மூன்று வருடம். அந்தக் கேள்வி எனக்கு ஒரு நாளும் தோன்றியதில்லை. பயத்தில் தூக்கினாள் என்று டொக்டருக்குச் சொன்ன பொய்யை நானே நம்பிவிட்டிருந்தேன்.

வீட்டுக்கு வந்து, உம்றாவுக்காக நான் அனுப்பிய குரல் பதிவுக்கு வந்த பதில்களை முதல் தரமாக ஒழுங்காகப் படித்தேன். நாற்பது பேருக்கு மேல் "மாப்பு, எங்களுக்காகவும் துஆச் செய்யுங்க" என்று போட்டிருந்தார்கள். அண்ணனாகிய எனக்கு நஸ்ரியா போட்ட பதிலும் இருந்தது. "பயணம் நல்லபடியா அமையட்டும் காக்கா." அவ்வளவுதான். மாப்பு என்ற சொல் அதில் இல்லை.

மூன்று நாள் போனைக் கையில் எடுப்பதும் வைப்பதுமாக இருந்தேன். துளைக்கிற இயந்திரத்தை விட அந்தப் பச்சைப் பொத்தானுக்குப் பயந்தேன்.

7

இன்று சனிக்கிழமை காலை எடுத்தேன். தில்லையடியில் அவளுடைய வீட்டில் பகல் சாப்பாடு முடிந்திருக்கும் நேரம். ஹனா எனக்கு எதிரே மேசையில் இருந்தாள், போகச் சொன்னேன், போகவில்லை.

"நஸ்ரியா, ஒரு விஷயம் கேக்கணும். அண்டைக்குப் புத்தளத்தில பல்லுப் புடுங்கக்குள்ள நீ கையத் தூக்கின. என்னத்தச் சொல்ல வந்த?"

அந்தப் பக்கம் கோப்பை கழுவுகிற சத்தம் நின்றது. வெளியே ஒரு முச்சக்கர வண்டி போனது எனக்குக் கேட்டது.

"இப்ப என்னத்துக்கு அது?"

"சொல்லு."

"நான் தனிய வருவன் எண்டு சொல்ல வந்த" என்றாள். "மூணு தரமும் நானே பஸ் ஏறி வருவன், காக்கா வரத் தேவயில்ல எண்டு. டொக்டருக்கு விளங்கணுமே, அதச் சிங்களத்தில எப்படிச் சொல்ற எண்டு மனசுக்குள்ள அடுக்கிக்கிட்டு இருந்த. அதுக்குள்ள நீங்க கையப் புடிச்சிட்டீங்க."

"சிங்களத்திலயா?"

"நீங்க அவர்ட்டச் சொன்னதும் எனக்கு விளங்கின காக்கா. எனக்கு அவ்வளவு சிங்களம் தெரியும்."

பஸ்ஸில் யன்னலோரம் அவள் பார்த்துக்கொண்டு வந்தது உப்பளத்தை அல்ல. பக்கத்தில் இருந்த என்னைப் பார்க்கப் பிடிக்காமல் முகத்தைத் திருப்பியிருந்திருக்கிறாள்.

"எனக்கு வெக்கமா இருக்கு நஸ்ரியா" என்றேன். "நான் பொய் சொன்ன. உன்ட கைய அமத்திப் புடிச்ச. அதுக்கு மாப்புக் கேட்டுத்தான் எடுத்த."

"உங்கட வொயிஸ் கேட்டன். நல்லாத்தான் கதைச்சிருந்தீங்க, எல்லாருக்கும் ஒண்டு." குரலில் கோபம் இல்லை, அதுதான் தாங்க முடியவில்லை. "கத்தாருக்குப் போகக்குள்ள மாப்புக் கேட்டீங்க. என்ட கலியாணத்திலயும் கேட்டீங்க. லண்டன் போகக்குள்ளயும் கேட்டீங்க. ஒவ்வொரு தரமும், இந்தத் தரம் சொல்லுவார் எண்டு பாத்துக்கிட்டு இருப்பன். நீங்க 'தெரிஞ்சும் தெரியாமலும்' எண்டு சொல்லிட்டுப் போயிடுவீங்க. நானும் மாப்பு எண்டு சொல்லிடுவன். அத மட்டும் விட்டுட்டுத்தான் சொல்லுவன். இந்தத் தரம் அதுவும் சொல்ல மனசு வரல்ல."

"இப்ப தா."

"டொக்டர் எத்தின தரம் வரச் சொன்னார், ஞாபகம் இருக்கா?"

"மூணு தரம்."

"இது முதலாம் தரம். இன்னும் ரெண்டு தரம் எடுங்க. நாளைக்கி எடுக்கக்குள்ள உம்மாவப் பக்கத்தில வெச்சிருப்பன். டொக்டர் என்ன சொன்னார் எண்டு உம்மாட்ட நீங்களே சொல்லுங்க. மூணாம் தரத்த அதுக்குப் பிறகு பாப்பம்."

உம்மாவுக்கு எழுபத்திரண்டு வயது, இரத்த அழுத்தக்காரர். இதைக் கேட்டு ஏதாவது ஆகிவிட்டால்? பயணத்துக்கு இன்னும் எட்டு நாள்தானே, எல்லாவற்றையும் இன்றைக்கே முடித்துவிடலாமே? வாயில் வரிசையாக வந்து நின்றன. "நஸ்ரியா, நான் சொல்றதக் கேளு, உம்மாவுக்கு இப்ப..." என்று தொடங்கினேன்.

மேசைக்கு அப்பால் ஹனா தன் இடது கையை மெல்ல உயர்த்தினாள்.

நிறுத்தினேன்.

"சரி" என்றேன். பிறகு, பல் வைத்தியம் பற்றிக் கூட்டாளிமாருக்கு எழுதிக்கொண்டிருப்பதையும் சொல்லி, "இதையும் எழுதட்டா?" என்று கேட்டேன்.

"எழுதுங்க. என்ட பேரையும் போடுங்க" என்றாள் நஸ்ரியா.

போட்டுவிட்டேன். நாளை ஞாயிற்றுக்கிழமை. இரண்டாவது தரம்.